வெட்டிய ஐந்தாம் விதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, முன்னுரையாகப் பிறந்தது.

‘இரட்டை நிலாத் தீவு’ என்று நான் எழுதிய அற்புத நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. முதல் பதிப்பு ஐந்நூறு பிரதிகள், தீர்வதற்கு மூன்று வருஷம் பிடித்தது. நாகர்கோவில் அச்சுக்கூடத்தார் இதையும் ‘அமோக வரவேற்பு’ என்று விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். அவர்களே ஒரு முன்னுரை கேட்டார்கள், அதற்குத் தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: ‘கற்பனைத் தீவு உணவாலும் விளையாட்டாலும் உயிர் பெற்ற விதம்’. நாலு பக்கம் போதுமாம். என்னைப் போன்ற இலக்கண வாத்தியாருக்கு நாலு பக்கம் என்பது பல் விளக்கும் நேரத்தில் எழுதுகிற விஷயம்.

ஆனால் அவர்கள் அனுப்பிய காகிதக் கட்டுக்குள் ஒரு பழைய தாளும் குண்டூசி குத்தி வந்திருந்தது. என் கைப்பிரதியின் எண்பத்தாறாம் தாள். அதன்மேல் எழுத்துக் கோப்பவரான சிலுவைதாசனின் பென்சில் குறிப்பு: ‘விட்டுப்போன ஐந்தாம் விதி இத்துடன். இந்தப் பதிப்பில் சேர்க்க வேண்டுமா? சேர்த்தால் யார் பேரில்?’

அந்தக் கடைசி மூன்று சொல்லால் என் முன்னுரை கெட்டது. இப்போது பதினொன்றாம் தாளில் இருக்கிறேன். முந்திய பத்தும் அடுப்புக்குப் போய்விட்டன.

வாசகரைச் சுற்றவிடுவது எங்கள் தொழில். இருந்தாலும் இதிலுள்ள ஒரே கேள்வியை முதலிலேயே உடைத்துவிடுகிறேன். 1934-ஆம் வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் மனைவி கோமளவல்லி சாப்பிட்டாளா, இல்லையா? இதற்குப் போய் ஒரு கதையா என்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். பறக்கும் குதிரை வேண்டுவோருக்கு நாவல் இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், குதிரைகள் ஏழு.

2

தொடக்கங்கள். நான் எழுதிக் கிழித்தவை, வரிசையாக:

‘தாணுமாலயன் கோயில் கொண்டருளும் சுசீந்திரம் என்னும் திருத்தலத்தில், பழையாற்றின் குளிர்ந்த கரையில், செந்நெல் வயல்கள் சூழ—’ வேண்டாம். செந்நெல்லை ஆரம்பத்திலேயே கொண்டுவருகிறவன் சொல்ல ஒன்றும் இல்லாதவன். என் நாவல் செந்நெல்லில்தான் ஆரம்பிக்கிறது.

‘எழுத்தாளனின் மனைவியாக வாழ்வது எளிதன்று—’ இதை எழுதியதும் எனக்கே என்மேல் இரக்கம் பொங்கிற்று. கிழித்தேன்.

‘கற்பனை என்பது யாது?’ பள்ளிக்கூடத்துப் புத்தி. இதையும் கிழித்தேன்.

‘அவள் அன்று விடியற்காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்திருந்தாள்.’ இது நன்றாக இருந்தது. அதனாலேயே பயந்து இதையும் கிழித்தேன்.

3

முதலில் உணவு.

1931-இல் நாவலை எழுதத் தொடங்கினேன். தீவுக்கு இரண்டு நிலாக்கள் வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு நிலாவை எல்லோரும் வைக்கிறார்கள், நான் இரண்டு வைத்தேன், அவ்வளவுதான். ஏழாம் அதிகாரத்தில் தீவின் அரசன் கடல்வேந்தனுக்கு விருந்து வைக்கிறான். அதை எழுதி முடித்துவிட்டு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த கோமளவல்லிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். வாசித்துக் காட்டுவது என்றால் பாராட்டு வாங்குவது என்று பொருள். எழுதுகிற எல்லோருக்கும் இது தெரியும்.

“‘மன்னர் பெருமான் அறுசுவை உண்டியை அமுதமென உண்டு களித்தனர்.’ எப்படி?”

“அறுசுவைன்னா என்னதாக்கும்? கறிக்குப் பேரு இல்லியா?”

“பேரு எதுக்கு? அது கற்பனைத் தீவு.”

“கற்பனைத் தீவுன்னா வயித்துக்கும் கற்பனையையா போடுவாவ?” முறத்தைக் கீழே வைத்தாள். “ரெண்டு நிலா உண்டும்னு எழுதியிருக்குல்லா. அப்பம் கடல் ஏத்தமும் ரெண்டு மட்டம் வரும். உப்புத்தண்ணி வயல்ல கேறும். நெல்லு எப்பிடி விளையும்? மரச்சீனிக் கெழங்குதான் விளையும். பின்னே தென்னை, சக்கை, பனை. அரிசின்னா அவியளுக்குத் தங்கமாட்டு இருக்கும். வருசத்துக்கு ஒரு மட்டம்தான் கண்ணுல காண்பாவ.”

அழகுக்காகத் தொங்கவிட்ட நிலாக்கள் அதுவரை என் தீவில் ஒரு வேலையும் செய்யவில்லை. நாகர்கோவில் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் அரிசியைப் புடைத்தபடியே அவற்றை வேலைக்கு அனுப்பிவிட்டாள்.

அன்று தொடங்கிப் பத்து நாளில் தீவுக்கு ஒரு சாப்பாடே உண்டாகிவிட்டது. சாதாரண நாளில் கிழங்கும் தேங்காயும் கருப்பட்டியும். இரண்டு நிலாவும் ஒன்றாக உதிக்கிற ஒரே நாளில் அரிசிமாவுக் கொழுக்கட்டை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. அரிசி அருமையான சரக்கு என்பதால் மாவைத் தோல்போல மெலிதாகத் தட்டி, உள்ளே பலாச்சக்கையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் வைத்து, தெரளி இலையில் பொதிந்து ஆவியில் வைப்பது. ஆறினால் மாவு விறைத்துப்போகும், அதனால் தீவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நீள இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ராஜா, மீன்பிடிக்கிறவன், கிழவி, பிள்ளைத்தாய்ச்சி எல்லோரும்.

இந்த நீள இலைக்காக ஒரு மதுரைப் பத்திரிகை என்னைச் ‘சமத்துவத் தீர்க்கதரிசி’ என்று எழுதிற்று. அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். கொழுக்கட்டை ஆறிவிடும் என்பதுதான் காரணம் என்று நான் அவர்களுக்கு எழுதவில்லை.

(அடிக்குறிப்பு: நீள இலைச் சமத்துவம் என் நாவலின் 92-ஆம் பக்கத்தில் இருக்கிறது. என் வீட்டில் நான் தனியாகச் சாப்பிடுகிறேன். எனக்கு இலையில் விளம்பிவிட்டுத்தான் அவள் சாப்பிடுவாள். ஊர் வழக்கம். வழக்கத்தை நானா உண்டாக்கினேன்?)

4

இனி விளையாட்டு.

கடல்வேந்தனும் அரசனும் விருந்துக்கு முன்னால் ஓர் ஆட்டம் ஆட வேண்டும். நான் ‘சூதாடினர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தேன். “என்ன சூது? எத்தனை காயி? எப்பிடி வெட்டணும்?” என்று பிடித்துக்கொண்டாள். அன்று மத்தியானமே அடுக்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெரிய வட்டமும் அதற்குள் ஒரு சின்ன வட்டமும் போட்டாள். இரண்டு நிலா. நடுவில் ஒரு சதுரம், அதற்கு அடுக்களை என்று பெயர். பக்கத்துக்கு ஆறு ஆண்காய், ஓர் அம்மைக்காய். சோழி உருட்டிக் காயை நகர்த்த வேண்டும். வெட்டுப்பட்ட காய் செத்துப்போகாது, வெளியிலிருந்து மறுபடி நுழையலாம். இதெல்லாம் முதல் நாலு விதிகள்.

ஐந்தாம் விதி இது: ‘அடுக்களையில் ஐந்து புளியங்கொட்டை இருக்கும். எவருடைய அம்மைக்காய் முதலில் உள்ளே போய் ஒரு கொட்டை தின்கிறதோ அவர் வென்றார். ஆட்டம் முடிந்தது.’

“இது என்ன முடிவு?” என்று கேட்டேன்.

“பின்னே? ஆம்பிளையள் வெட்டிக்கிட்டே இருப்பாவ, மறுபடி வந்துக்கிட்டே இருப்பாவ. அதுக்கு ஒரு தீர்ச்சை வேண்டாமா? பசிச்சவளை வெளிய நிறுத்திக்கிட்டு எவன் செயிச்சா என்ன?”

ஒரு மாதம் ஆடினோம். எல்லா நாளும் தோற்றேன். சோழியில் அவள் கள்ளம் செய்வாள் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். விருந்தையும் ஆட்டத்தையும் அவளே தன் கையெழுத்தில் எழுதித் தந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள் என்று ஊரில் சொன்னேன். இன்றுவரை அப்படியே சொல்லிவருகிறேன்.

பிறகு நான் மெருகேற்ற உட்கார்ந்தேன். மெருகு என்பது எழுத்தாளன் தன் கைரேகையைப் பிறத்தியார் சாமான்மேல் பதிக்கிற வேலை. வாளும் வேலும் மோதுகிற ஆட்டத்தில், காவிய நடையில், ஒரு பெண்காய் அடுக்களைக்குப் போய்ப் புளியங்கொட்டை தின்பதா? படிக்கிறவன் சிரிக்கமாட்டானா? சிவப்பு மையால் ஐந்தாம் விதியை வெட்டினேன். அதன்மேல் என் முத்து முத்தான எழுத்தில் எழுதினேன்: ‘ஐந்து: வீரம் மிக்கவன் வெல்வான்.’

புத்தகம் அச்சாகி வந்த அன்று அவள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பிரித்தாள்.

“அஞ்சாவது விதி எங்க? இது இல்லாம ஆட்டம் தீராதே.”

“கதையில வர்ற ஆட்டத்தை எவன் ஆடிப் பாக்கப் போறான்?”

“சரி” என்றாள். புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு அதை அவள் தொட்டு நான் பார்க்கவில்லை.

5

(இங்கே ஓர் இடைச்செருகல். எனக்குக் கோமளவல்லிமேல் சந்தேகம் வந்துவிட்டது. மனுஷிமேல் இல்லை, பாத்திரத்தின்மேல். இதுவரை எழுதியதில் அவள் எல்லாம் அறிந்தவளாகவும் நான் மடையனாகவும் இருக்கிறோம். இது ஒரு தந்திரம். தன்னைத் தானே திட்டிக்கொள்கிற எழுத்தாளனை வாசகர் உடனே மன்னித்துவிடுவார்கள். நான் அந்த மன்னிப்புக்கு வலை வீசுகிறேனோ என்று தோன்றுகிறது.

ஆகவே அவள் குறைகளைச் சொல்கிறேன். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் திரும்பி வந்து எரிசேரியில் குற்றம் சொல்வாள். தன் அண்ணன் மனைவியோடு ஒரு வெண்கல உருளிக்காக ஆறு வருஷம் பேசாமல் இருந்தாள். என் குரலில் பேசிக் காட்டி அடுத்த வீட்டுப் பெண்களைச் சிரிக்கவைப்பாள்.

எழுதிப் பார்த்தால் குறைகள்கூட அவளுக்கு அழகாகத்தான் அமைகின்றன. என் கை அப்படி. விட்டுவிடுகிறேன்.)

6

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் ஊர் வாசகசாலைக்குக் காரியதரிசி நாராயணபெருமாள் பிள்ளை. உலகத்தில் எதையும் விழாவாக்காமல் விடாதவர். வாசகசாலைக்கு அலமாரி வந்ததற்கு விழா எடுத்தார். அலமாரியில் கறையான் வந்தபோதும் எடுத்திருப்பார், தலைமை தாங்க ஆள் கிடைக்கவில்லை. அவருக்கு என் நாவலை ‘உயிர்ப்பிக்க வேண்டும்’ என்று ஓர் ஆசை வந்தது. ஏழாம் அதிகாரத்தை அப்படியே நடத்திக் காட்டுவது. முதலில் ஆட்டம், பிறகு விருந்து. நாவலில் உள்ளபடியே ஆட்டத்தில் வென்றவர் முதல் இலையில் உட்கார்வார், அவர் உட்காராமல் யாருக்கும் இலை போடக்கூடாது.

(அடிக்குறிப்பு: அவள் எழுதிய நீள இலையில் முதல் இலை என்று ஒன்று கிடையாது. முதல் இலை என் மெருகு.)

அறுவடை முடிந்து கிடந்த களத்தில் பந்தல் போட்டார்கள். பக்கத்திலே தென்னோலையால் ஆக்குப்புரை கட்டி, சமையலுக்குத் தவசிப்பிள்ளை பொன்னுலிங்கத்தை அமர்த்தினார்கள். நாஞ்சில் நாட்டில் அவர் கரண்டி படாத கல்யாணம் கிடையாது. அவர் நாவலைக் கேட்டுவிட்டு, “இந்தக் கொழுக்கட்டை நான் செஞ்சதில்லே. சொன்னவிய வந்து நிக்கணும்” என்றுவிட்டார். நாராயணபெருமாள் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் கோமளவல்லியை அனுப்பினேன். அவளோடு இன்னும் பதின்மூன்று பெண்கள் விடியுமுன்பே ஆக்குப்புரைக்குப் பின்னால் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார்கள். பந்தி முடியாமல் பெண்கள் கை நனைப்பது வழக்கமில்லை. நூறு பேருக்குச் சமையல்.

பத்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. களத்து நடுவே இரண்டு வட்டம். அரசனாகக் காகிதக் கிரீடத்தோடு பெரிய நிலக்காரர் முத்துக்குமாரசாமி பிள்ளை, கடல்வேந்தனாக நாராயணபெருமாள் பிள்ளை. தலைவர் நாற்காலியில் நான், கழுத்தில் தோவாளைப் பிச்சிப்பூ மாலை. பந்தலின் கடைசித் தூணருகே சிலுவைதாசன் நின்றிருந்தார். நான்தான் அழைத்திருந்தேன். அவருக்கு உட்கார நாற்காலி இல்லை, இலையும் பந்தலுக்கு வெளியே தனியாகப் போடுவதாக ஏற்பாடு. சமத்துவத் தீர்க்கதரிசி இதைக் கவனித்தார். மாலையைச் சரிசெய்துகொண்டார்.

பதினொன்றுக்குக் கைதட்டினார்கள். பன்னிரண்டுக்குக் கொட்டாவி விட்டார்கள். வெட்டுப்பட்ட காய்கள் மறுபடி மறுபடி நுழைந்தன. ஒரு மணிக்கு முத்துக்குமாரசாமி பிள்ளை கிரீடத்தைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

“வேய், இது எப்பம் தீரும்?”

நாராயணபெருமாள் பிள்ளை புத்தகத்தைப் பார்த்தார். “‘வீரம் மிக்கவன் வெல்வான்’னு போட்டிருக்கு.”

“அது நானாக்கும்.”

“நீரு எப்பிடி? எனக்க காயி எட்டு மட்டம் வெட்டியிருக்கு.”

“எட்டு மட்டமும் திரும்பி வந்தேம்லா? அதாக்கும் வீரம்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எழுதியவன் நான். நான் மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்தேன்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முடியாத ஆட்டம் ஒன்று சுசீந்திரத்தில் நடக்கிறது என்ற செய்தி வெளியே போய்விட்டது. தேரூரிலிருந்து ஆள் வந்தது. நாகர்கோவில் பஸ்ஸிலிருந்து கும்பலாக இறங்கினார்கள். வந்தவர்களை விருந்துக்கு இருக்கச் சொல்வது நாராயணபெருமாள் பிள்ளையின் சுபாவம். இரண்டு மணிக்குக் களத்தில் இருநூறு தலைக்கு மேல். உலையில் இருந்ததோ நூறு பேருக்கான அரிசி.

7

மூன்று மணிக்குப் பொன்னுலிங்கம் கரண்டியோடு பந்தலுக்குள் வந்தார். இடுப்பில் ஈரத்துண்டு, முகம் அடுப்புச் சிவப்பு.

“பிள்ளைமாரே, இன்னும் ஆடியே தீரணுமா? சோறு கட்டியாட்டு ஆயாச்சு. பப்படம் நமத்துப்போச்சு. கொழுக்கட்டையை மூணு மட்டம் ஆவியில வச்சாச்சு, இனி வச்சா கூழுதான். உள்ள பெண்ணாப் பிறந்தவ பதினாலு பேரு விடியக்காலம் முதல் பச்சத்தண்ணியைக் குடிச்சுக்கிட்டு நிக்காவ. ஒருத்திக்குக் கண்ணு கறங்கி இருத்தி வச்சிருக்கு.”

எவளுக்கு மயக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“வாத்தியாருக்க வீட்டுக்காரி ஒரு சங்கதி சொல்லச் சொன்னாவ” என்றார் பொன்னுலிங்கம். “அம்மைக்காய் அடுக்களைக்குள்ள போயி ஒரு கொட்டை தின்னாத்தான் ஆட்டம் தீருமாம். அதாக்கும் அஞ்சாவது விதியாம். புத்தகத்துல வெட்டிப்போட்டாவளாம்.”

இருநூறு தலைகள் என் பக்கம் திரும்பின.

வாசகரே, எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ‘ஆமாம், நான்தான் வெட்டினேன். ஆட்டம் அவளுடையது, கொழுக்கட்டையும் அவளுடையது’ என்று சொல்ல அரை நிமிஷம் போதும். மீதி அரை நிமிஷத்தில் எழுந்து நின்று கும்பிட்டும் இருக்கலாம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் என் அரசன் ஒன்பது முறை உண்மைக்காக உயிரைக் கொடுக்கத் துணிகிறான். அவனை எழுதியது இந்தக் கைதான்.

நான் சொன்னது இது: “வெட்டவில்லை. விட்டுப்போயிற்று. அச்சுப்பிழை.”

நாராயணபெருமாள் பிள்ளை தூணருகே பார்த்தார். “என்னவேய் சிலுவைதாசன், விட்டுட்டேரா?”

சிவப்பு மையால் வெட்டிய தாளைக் கையில் வைத்து எழுத்துக் கோத்தவர் அவர். என் எழுத்தும் தெரியும், அவள் எழுத்தும் தெரியும். என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் என்று எழுத ஆசை, ஆனால் ஒரு சோழி உருளும் நேரம்தான் இருக்கும்.

“ஆமா சார்” என்றார். “கோக்கையில விட்டுப்போச்சு. பிழை எனக்கதுதான்.”

அப்புறம் எல்லாம் சடுதியில் நடந்தது. நாராயணபெருமாள் பிள்ளையின் அம்மைக்காய் நாலு கட்டம் நகர்ந்து அடுக்களைக்குள் போயிற்று. ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் காய்மேல் வைத்தார்கள். களமே ஆர்ப்பரித்தது. ‘என்ன நுட்பம்! பெண்மைக்கு என்ன மரியாதை!’ என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இன்னொரு மாலையும் விழுந்தது. அம்மைக்காய் சாப்பிட்டதற்கு இருநூறு பேர் கைதட்டியதை நான் என் காதால் கேட்டேன்.

முதல் பந்தியில் வென்றவருக்குப் பக்கத்து இலை எனக்கு. இரட்டை நிலாக் கொழுக்கட்டை சூடாக வந்தது. மாவுத்தோல் உடையாமல், தெரளி மணம் கமழ, உள்ளே சக்கை குழையாமல் இருந்தது. மூன்று முறை ஆவியில் வைத்ததை எப்படி நாலாம் முறை காப்பாற்றினாள் என்று தெரியவில்லை. நாலு தின்றேன். “கொள்ளாம்” என்று பாராட்டினேன். விளம்பிக்கொண்டிருந்தவனிடம் சொன்னேன்.

ஆண்களுக்கு மட்டும் மூன்று பந்தி நடந்தது. சிலுவைதாசன் தனக்குப் போட்ட தனி இலையில் உட்காராமல் முதல் பந்திக்கு முன்பே நாகர்கோவிலுக்குக் கிளம்பிவிட்டார். நான் முதல் பந்தி முடிந்ததும் மாலைகளோடு வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கினேன்.

8

முடிவுகள்.

அ) ‘கோமளவல்லி ஆக்குப்புரையிலிருந்து நிமிர்ந்த நடையுடன் பந்தலுக்குள் வந்தாள். ஆண்கள் விலகி வழிவிட்டனர். அவள் அம்மைக்காயைத் தூக்கி எறிந்துவிட்டு, தானே வட்டத்துக்கு நடுவே அமர்ந்து, “எனக்குப் பசிக்குது, இலை போடுங்கோ” என்று—’ எழுதும்போது எனக்கே ரோமாஞ்சனம். ஆனால் இது பொய். வந்திருந்தால் முதல் ஆளாக எழுந்து, ‘உள்ளே போ’ என்று நான்தான் அதட்டியிருப்பேன்.

ஆ) பொன்னுலிங்கம் நல்ல மனுஷர். பெண்களுக்கென்று ஒரு சருவத்தில் சோறும் பிரதமனும் முதலிலேயே எடுத்து மூடிவைத்தார். மூன்றாம் பந்திக்குப் பிறகு பதினாலு பேரும் ஆக்குப்புரையில் ஒரே நீள இலையில் உட்கார்ந்து, தீவுக்காரர்களைப் போலச் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, எனக்கு வசதியாக இருப்பதால். நூறு பேர் சோற்றில் இருநூறு பேர் உண்ட பிறகு எந்தச் சருவத்தை மூடிவைக்க முடியும்?

இ) சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். கால் கழுவினாள். பானையில் கிடந்த பழஞ்சியில் மோர் விட்டு, நார்த்தங்காய் ஊறுகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். இது நம்பும்படி இருக்கிறது. ஆனால் காலையில் பள்ளிக்கூடம் இல்லை என்று பதினோரு மணிக்குப் பழஞ்சி முழுவதையும் குடித்துவிட்டுப் போனவன் நான். எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது.

(சரிபார்ப்புக் குறிப்பு: ஆட்டம் பத்து மணிக்கே தொடங்கிற்று என்று ஆறாம் பகுதியில் எழுதியிருக்கிறேன். ஆகவே பழஞ்சி குடித்தது ஒன்பது மணியாக இருக்க வேண்டும். நேரம்தான் பிழை. குடித்தது உண்மை.)

ஈ) கண் கறங்கி உட்காரவைத்தது அவளைத்தான், அதனால் அவள்—

இதை முடிக்கமாட்டேன்.

ஆக எனக்குத் தெரியாது. ஒரு தீவு முழுக்க எந்த நாளில் யார் எதைத் தின்கிறார்கள் என்று பக்கம் சொல்லி ஒப்பிக்க எனக்குத் தெரியும். அதே நாளில் என் வீட்டில் உள்ளவள் சாப்பிட்டாளா என்று தெரியாது. கேட்கவில்லை, அதனால் தெரியாது. வேறு ரகசியம் ஒன்றும் இதில் இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

9

‘செத்துப்போய்விட்டாளா? பிரிந்துவிட்டாளா?’ என்று சிலர் இதற்குள் எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படி இருந்தால் கதைக்குக் கனம் கூடும், எனக்கும் கேட்க முடியாமல் போனதற்கு ஒரு கௌரவமான காரணம் கிடைக்கும். இரண்டும் இல்லை. அடுக்களையில்தான் இருக்கிறாள். இந்த மேஜையிலிருந்து பன்னிரண்டு அடி. மீன்காரி ஏதோ சொன்னதை எனக்குக் கேட்காத குரலில் அடுத்த வீட்டுக்காரிக்குப் பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வருஷமாகக் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். ஒரு முறை எழுந்து வாசல்படி வரை போனேன். “என்ன வேணும்?” என்றாள். “தண்ணி” என்றேன்.

இன்று மறுபடி வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன்.

‘அன்றைய தினம் நீ உணவருந்தினாயா?’ இது என் அரசன் பேசுகிற தமிழ்.

‘அந்த வாசகசாலை விழா அன்னைக்கு, ஒருவேளை, நீ—’ இதில் ஒருவேளையை வெட்ட வேண்டும்.

‘நீ சாப்பிட்டியா?’ இதுதான் சரியான வாக்கியம். இரண்டே சொல். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை.

சிலுவைதாசனின் தாள் எதிரே இருக்கிறது. பென்சில் சீவிவைத்திருக்கிறேன். ‘யார் பேரில்?’ என்ற கேள்விக்கு நேரே அவர் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கிறார், அளவெடுத்து விட்டதுபோல, ஆறு எழுத்துக்குச் சரியாக. நாளை காலை பஸ்ஸில் இது அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டும். கூடவே, விட்டுப்போனது அவர் பிழை அல்ல என்று ஒரு வரியும் போக வேண்டும்.

அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். தொடக்கத்திலிருந்து நான் மறைக்கவில்லை. கோடு இதோ:

ஐந்தாம் விதியும் ஆட்டமும்: ____________

நிரப்புவதை உங்களிடம் விடுகிறேன். இப்படி விடுவது எங்கள் எழுத்தில் ஓர் உத்தி. வாசகர்மேல் உள்ள மரியாதை என்று இதற்கு விளக்கம் சொல்வோம்.

“இலை போட்டாச்சு” என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. “வாங்கோ, குழம்பு ஆறுது.”

இப்போது நான் ‘நீ முதல்ல உக்காரு’ என்று சொல்லலாம்.

“எழுத்து தீரல்லியா? நான் எத்தனை நேரம் இப்பிடி நிக்க?”

எனக்குப் பசிக்கிறது. போகிறேன்.